மார்க்கு நாணயத்தின் வரலாறு

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயமே. சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயமே. இவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு சார்ந்தவை என்பதை அறிய விரும்பும் மாணவர்கள், ஜெர்மானியரின் மார்க்கு நாணயத்தின் வரலாற்றைப் படித்தல் நலம்.

1871-ஆம் ஆண்டில் ஜெர்மனி ஒரே பேரரசாக ஒன்றுபட்டது. அதுவரை வடக்கே தாலர் என்றும் தெற்கே குல்டன் என்றும் வெவ்வேறு காசுகள் வழங்கிவந்தன. அவற்றை நீக்கி, பொன்னை அளவாகக் கொண்ட மார்க்கு நிறுவப்பட்டது. முதல் உலகப் போருக்கு முன்னர் அமெரிக்க டாலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 4.20 மார்க்கு என்பது அதன் மதிப்பு. இந்த எண்ணை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. நோட்டுக்குப் பொன் தரும் கடமை உடனே நிறுத்தப்பட்டது. வரியை உயர்த்துவதினும் கடன் வாங்குவதே எளிதென அரசாங்கம் கருதியது. வென்றபின் பகைவரிடம் தண்டம் பெற்று அடைத்துவிடலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. தோற்றதோ ஜெர்மனி, தண்டம் அதன் தலைமேலேயே விழுந்தது. தண்டப் பாக்கியைக் காரணங்காட்டி, 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் நிலக்கரிப் பகுதியிற் புகுந்தன. அங்குள்ள தொழிலாளர் வேலை செய்ய மறுத்தனர். அவர்களைத் தாங்குவதற்கு அரசாங்கம் அச்சு இயந்திரத்தை நாடியது.

நூற்றுக்கும் மேற்பட்ட அச்சகங்கள் நோட்டு அடித்துக் குவித்தன. நேரமும் மையும் மிச்சப்படப் பல நோட்டுகள் ஒரு பக்கம் மட்டுமே அச்சிடப்பட்டன. கூலி பெற்றவர்கள் அது கையில் கரைவதற்குள் கடைக்கு ஓடினார்கள். 1923 நவம்பரில் பெர்லின் நகரில் ஒரு ரொட்டியின் விலை ஏறத்தாழ 20,000 கோடி மார்க்கு! வீட்டை அடகு வைத்துக் கடன் பட்டிருந்தவர்கள் அந்த ரொட்டியின் ஒரு துணுக்கு விலைகூடப் பெறாத தாள்களால் கடனை அடைத்தார்கள். சிறுகச் சிறுகச் சேமித்தவர்களோ அழிந்தார்கள். ஓய்வூதியம் பெற்ற முதியோர், வட்டிப் பணத்தை நம்பி வாழ்ந்த கைம்பெண்கள் ஆகியோரின் வாழ்நாள் உழைப்பு சில மாதங்களில் மறைந்தது. சிக்கனமாய் வாழ்ந்தவனே தண்டிக்கப்பட்டான் என்பதுதான் இக்கதையின் மிகக் கொடிய பகுதி என்பேன்.

1923 நவம்பர் 15-ஆம் நாள் ரென்டன்மார்க்கு என்னும் புதிய நோட்டு வெளிவந்தது. நாட்டின் விளைநிலங்களும் தொழிற்சாலைகளும் அதற்கு ஈடு எனப்பட்டன. வயலை வெட்டி எடுத்து நோட்டுக்கு மாற்றாக எவரும் பெற்றுச் செல்ல இயலாதன்றோ! ஆதலின் ஈடு பெயரளவினதே. நோட்டைக் காத்தவை வேறு: எவ்வளவு வெளியிடலாம் என்பதற்குக் கடுமையான வரம்பு இருந்தது, மத்திய வங்கி அரசாங்கத்துக்குக் கடன் கொடுப்பதும் நின்றது. லட்சம் கோடிக் காகித மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க்கு. டாலர் அப்போது 4.2 லட்சம் கோடி மார்க்கில் நின்றது. லட்சம் கோடி என்பதை அடித்துவிட்டால், பழைய 4.20 மீண்டும் வந்துவிடுகிறது!

1924-இல் ரீக்ஸ்மார்க்கு வந்தது. ஹிட்லரின் ஆட்சி போர்த் தளவாடங்களுக்காக அதனையும் மிகுதியாகப் பெருக்கியது. விலைக் கட்டுப்பாட்டினாலும் பங்கீட்டினாலும் அவ்வுண்மை மறைக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கள்ளச் சந்தையில் சிகரெட்டே நாணயமாயிற்று.

1948 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. மேற்குப் பகுதிகளில் ஆளுக்கு 40 டாய்ச்சு மார்க்கு வழங்கப்பட்டது. அந்த நோட்டுகள் அமெரிக்காவில் அச்சாகிக் கமுக்கமாகக் கப்பலேறி வந்தவை. லுட்விக் எர்ஹார்ட் பல பொருள்களின் விலைக் கட்டுப்பாட்டையும் நீக்கினார். மறுநாளே, அதுவரை பதுங்கிக் கிடந்த பண்டங்கள் கடைகளில் நிறைந்தன. ஆனால் சேமிப்பாளருக்கு மீண்டும் அடி: 100 ரீக்ஸ்மார்க்குச் சேமிப்புக்கு முடிவில் கிடைத்தது 6.50 மார்க்கே. கிழக்குப் பகுதியிலும் தனி நாணயம் தோன்றியது; சோவியத்தார் பெர்லினை முற்றுகையிட்டனர்.

இருமுறை கைசுட்ட மக்கள் புதிய மார்க்கை விழிப்புடன் காத்தனர். 1957-இல் அமைந்த புண்டஸ்பாங்க் என்னும் மத்திய வங்கி அரசாங்கத்தின் கட்டளைக்கு உட்படாதது. 1990 ஜூலை 1-இல் கிழக்கு ஜெர்மனியும் அதே மார்க்கை ஏற்றது. கூலி ஒன்றுக்கு ஒன்றாக மாற்றப்பட்டது. இதனால் மகிழ்ந்தவர் பலர். ஆயின் நலிந்த தொழிற்சாலைகள் அச்சுமையைத் தாங்கவில்லை.

உறுதியாய் நின்ற அந்த நாணயத்தையும் ஜெர்மானியர் தாமே விட்டுக் கொடுத்தனர். 1992-இல் கையெழுத்தான மாஸ்டிரிக்ட் உடன்படிக்கையின்படி ஐரோப்பிய நாடுகள் பொது நாணயம் காண முனைந்தன. 1999-இல் ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க்கு என நிலைப்படுத்தப்பட்டது. 2002 ஜனவரி 1 முதல் யூரோ நோட்டுகள் மக்கள் கைக்கு வந்தன. பழைய டாய்ச்சு மார்க்கைக் கால வரம்பின்றி மாற்றித் தருவதாகப் புண்டஸ்பாங்க் அறிவித்தது. பரணிலும் பழைய சட்டைப் பையிலும் அகப்பட்ட நோட்டுகளைக் கொண்டுவந்து, அதே விகிதத்தில் இன்றும் மக்கள் மாற்றிச் செல்கின்றனர்.