தண்ணீர் நின்றால் மருத்துவமனை நிற்கும்!



வீட்டுக் குழாயில் இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? துணி துவைப்பதைத் தள்ளிப் போடுவோம். பக்கத்துத் தெருவில் குடம் வைப்போம். மருத்துவமனை எதைத் தள்ளிப் போடும்? பிரசவத்தையா? சிந்தித்துப் பாருங்கள்!

கோவைக்காரர்களுக்கு இது கற்பனை அல்ல. 2016-ல் இரண்டு பருவமழைகளும் பொய்த்தன. 2017 கோடையில் சிறுவாணி அணை வறண்டது. அந்தக் கோடையில் ஒரு மருத்துவமனைக்கு உறவினரைப் பார்க்கப் போனேன். ஒரு நோயாளியின் மகன் மூன்றாம் மாடிக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து கொண்டிருந்தார். கேட்டால், "லாரி வரும் பாய்" என்றார்கள். எப்போது வரும்? எங்கிருந்து வரும்? ஒருவருக்கும் தெரியவில்லை!

"பில்லூர் மூன்றாம் திட்டம் 2024-ல் வந்துவிட்டதே" என்பீர்கள். நல்லதுதான். ஆனால் பிரதானக் குழாய் உடைந்தால்? மின்சாரம் போய் பம்பு நின்றால்?

வியாபாரிகளே, கணக்குப் பாருங்கள்! 100 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைக்குப் படுக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 450 லிட்டர் தேவை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 200 படுக்கை என்றால் 90,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி எட்டு வேண்டும். ஊரே லாரி தேடும் நாளில் யார் தருவார்?

லாரி வந்தால் மட்டும் போதுமா? நான்கு மணி நேர டயாலிசிஸில் ஒரு நோயாளிக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் செலவாகிறது. 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில், லாரியில் கொண்டுவந்த நீரைச் சரியாகச் சுத்திகரிக்காமல் டயாலிசிஸுக்குப் பயன்படுத்தினார்கள். அதிலிருந்த பாசி நஞ்சால் 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்!

ஆகவே விழிப்புள்ள மருத்துவமனை கோடைக்கு முன்பே நான்கு காரியங்களை முடித்துவிடும். எந்தப் பிரிவுக்கு எவ்வளவு நீர் என்று அளந்து வைக்கும். தோட்டத்தையும் வண்டி கழுவுவதையும் முதலில் நிறுத்தி, பிரசவ அறை, அறுவை அரங்கு, டயாலிசிஸ், கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பிரிவு ஆகியவற்றுக்குக் கடைசி வரை நீர் தரும் பட்டியலை எழுதி வைக்கும். தொட்டியை நிரப்பி, ஆழ்குழாய் பம்பை ஜெனரேட்டருடன் இணைக்கும். லாரிக்காரருடன் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு, வரும் நீரைச் சோதித்த பிறகே தொட்டியில் இறக்கும்.

நம் பங்கு என்ன? இளைஞர்களே! உக்கடம், கரும்புக்கடை, போத்தனூர் என ஒவ்வொரு மஹல்லாவிலும் எந்தப் பள்ளிவாசலில் ஆழ்குழாய்க் கிணறு உண்டு, யாரிடம் தண்ணீர் லாரி உண்டு என்று பட்டியல் எடுங்கள். அந்த நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவோடு பட்டியலையும் அருகிலுள்ள மருத்துவமனையில் ஒப்படையுங்கள். படுக்கையில் கிடப்பவர் எந்த மதம் என்று கேட்காதீர்கள். தாகத்துக்கு மதம் இல்லை.

வியாபாரிகளே! மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கிய உஸ்மான் (ரலி) அவர்களும் ஒரு வியாபாரிதான். லாரி வாடகை இரட்டிப்பாகும் நாளில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள்? இன்றே முடிவு செய்யுங்கள்!