கணக்கு நம்முடையது, ஆப் வாடகைக்கு

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



வெளியே டீ ஆறிக்கொண்டிருக்கிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஏப்ரல் மாதம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் பராமரிப்புக் கட்டணக் கணக்கை வைத்திருக்கும் ஆப், ஒரே ராத்திரியில் புதிய பதிப்புக்கு மாறியது. காலையில் திறந்து பார்த்தால் ஏழு வீடுகளின் எதிரே 'பாக்கி' என்று சிவப்பு எழுத்து. அந்த ஏழு பேருமே வருடக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டியவர்கள். அதில் ஒரு பெரியவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "சார், முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் நான். யாருக்கும் ஒரு ரூபா பாக்கி வெச்சதில்ல. இப்படி எல்லார் போன்லயும் என் பேரப் போட்டுட்டீங்களே" என்றார். குரல் தழுதழுத்தது. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து, ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் வைத்து ஒவ்வொரு வீடாகச் சரிபார்த்தோம். பழைய பதிப்பில் முன்பணத்துக்குத் தனியாக ஒரு கட்டம் இருந்தது. புதியதில் அது இல்லை. அந்தக் கட்டத்தில் இருந்த பணம் எங்கே போவது என்று யாரும் யோசிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். அந்த நிறுவனத்துக்கு ஆறு மின்னஞ்சல் போட்டேன். "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று ஆறு பதில் வந்தது.

அன்றைக்கு நம் மானத்தைக் காப்பாற்றியது ஆப் இல்லை. பத்து ரூபாய் கார்பன் பேப்பர்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றை என் அக்கா வீட்டில் பார்த்தேன். அக்கா இருப்பது சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில். அக்கா வீட்டுக்காரரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். பால் காசிலிருந்து பிக்சட் டெபாசிட் வரைக்கும் எட்டு வருடக் கணக்கை போனில் ஒரு ஆப்பில் எழுதி வைத்திருந்தார். எந்தத் தேதியில் என்ன கட்ட வேண்டும் என்பதையும் அதுவே ஞாபகப்படுத்தும். ஒருநாள் 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்று திரையில் வந்தது, தொட்டார். புதிய பதிப்பில் பழைய வருடங்களைப் பார்க்க வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும் என்றது. அதற்கு அவர் சத்தம் போட்டார், பிறகு விட்டுவிட்டார். அவர் கவனிக்காத விஷயம், நினைவூட்டல்கள் புதிய பதிப்புக்கு வரவே இல்லை என்பது.

மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கான தேதி அதில்தான் இருந்தது. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. தினமும் வரும் ஐம்பது விளம்பரச் செய்திகளில் அதுவும் ஒன்றாகப் போய்விட்டது. நாள் வந்தால் ஆப் சொல்லும் என்று மாமா இருந்துவிட்டார். வருடப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டிவிட்டால் பாலிசியின் தொடர்ச்சி அறுபடாது. அவருக்குத் தெரிந்தபோது 41 நாள் ஆகியிருந்தது. பிறகு கிடைத்தது புதுப் பாலிசிதான். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து. அடுத்த வருடம் நடந்த மூட்டு அறுவை சிகிச்சைக்கு முழுப் பணமும் கையிலிருந்துதான் போனது. "பதினாலு வருஷம் விடாம கட்டினேன்டா" என்று மட்டும் சொன்னார்.

வயதானவர்களுக்கு போன் சரியாகத் தெரியாததால் இப்படி நடக்கிறது என்று இளையவர்கள் நினைக்கலாம். அது உண்மையில்லை. 2021 ஜூன் 7 அன்று வருமான வரித் துறை புதிய இணையதளத்தைத் தொடங்கியது நினைவிருக்கும். அதை உருவாக்கியது இன்ஃபோசிஸ், நாட்டின் மிகப்பெரிய மென்பொருள் நிறுவனங்களில் ஒன்று. மாறுவதற்காகவே ஜூன் 1 முதல் 6 வரை பழைய தளத்தை மூடி வைத்தார்கள். அப்படியும் உள்ளே போக முடியவில்லை, ஓ.டி.பி. வரவில்லை, பழைய ரிட்டர்னைப் பார்க்க முடியவில்லை என்று நாடு முழுக்கப் புகார். ஆகஸ்ட் 21, 22 இரண்டு நாளும் தளமே கிடைக்கவில்லை. 23ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக்கை நேரில் அழைத்து விளக்கம் கேட்டார். செப்டம்பர் 15க்குள் சரிசெய்யும்படி கெடு வைத்தார். ரிட்டர்ன் போடக் கடைசி நாளையும் டிசம்பர் 31 வரை தள்ளிவைக்க வேண்டி வந்தது.

அதில் ஒரு சின்ன விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த வருடம் கடைசி நாள் ஜூலை 31லிருந்து செப்டம்பர் 30க்கு ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தது. ஆனாலும் ஜூலை 31க்குப் பிறகு ரிட்டர்ன் போட்ட சிலருக்கு, தாமதக் கட்டணத்தையும் வட்டியையும் மென்பொருள் தவறாகக் கணக்கிட்டுக் காட்டியது. கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தருவதாகத் துறையே அறிவித்தது. திரை சொன்னது சரியா என்று யாரால் கேட்க முடிந்திருக்கும்? தன் கணக்கைத் தானே போட்டு வைத்திருந்தவரால் மட்டும்தான்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2018 ஏப்ரலில் இங்கிலாந்தின் டி.எஸ்.பி. வங்கி, சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியது. ஏறக்குறைய 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் போக முடியாமல் நின்றார்கள். அந்த வங்கிக்கு 2022இல் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விழுந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 'மணி' என்ற வீட்டுக் கணக்கு மென்பொருளை 1991 முதல் விற்றது. 2009இல் விற்பனையை நிறுத்தியது. அமெரிக்காவில் உள்ள உங்கள் பிள்ளைகளுக்கு 'மின்ட்' தெரிந்திருக்கும். வரவு செலவைப் பார்த்துக்கொள்ள லட்சக்கணக்கானோர் வைத்திருந்த இலவச ஆப் அது. 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டு, அதே நிறுவனத்தின் வேறொரு ஆப்புக்குப் போகச் சொன்னார்கள். கடையை மூடுவதற்கு முன் கணக்கை இறக்கி வைத்துக்கொண்டவர்கள் தப்பித்தார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது? பழைய பதிப்பில் ஒரு தகவல் ஒரு கட்டத்தில் இருக்கும். புதியதில் கட்டங்களின் அமைப்பு வேறு. எதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஒருவர் பட்டியல் போட வேண்டும். பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது முதலில் சரியாகும். முன்பணம் கட்டியவர், கூட்டுக் கணக்கு வைத்திருப்பவர், எட்டு வருடம் பழைய பதிவு வைத்திருப்பவர் என்று கொஞ்சம் வித்தியாசமானவர்கள் விடுபடுவார்கள். நிறுவனத்துக்கு நூற்றில் தொண்ணூற்றெட்டு சரி என்பது வெற்றி. மிச்சம் இரண்டில் நீங்கள் இருந்தால், உங்களுக்கு அது நூற்றுக்கு நூறு தோல்வி.

அப்படியானால் அப்டேட்டே செய்யாமல் இருந்துவிடலாமா? கூடாது. பழைய பதிப்பில் உள்ள ஓட்டைகளை அடைப்பதற்காகவும்தான் புதிய பதிப்பு வருகிறது. வங்கி ஆப்பைப் பழையதாகவே வைத்திருப்பது, பின்கதவைத் தாழிடாமல் தூங்குவது போல. ஆனால் இந்த அவசரத்தைத்தான் திருடர்களும் பயன்படுத்துகிறார்கள். "உங்கள் வங்கி ஆப்பை இன்றைக்குள் அப்டேட் செய்யாவிட்டால் கணக்கு முடங்கும்" என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு கோப்பு வரும். அதை நிறுவினால் உங்கள் எஸ்.எம்.எஸ். முழுக்க அவன் கைக்குப் போகும். எந்த வங்கியும் வாட்ஸ்ஆப்பில் ஆப் அனுப்பாது. பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் தவிர வேறு எங்கிருந்தும் இறக்காதீர்கள். இணையத்தில் வங்கித் தளத்துக்குப் போகிறவர்கள், முகவரி 'பேங்க் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் அந்த முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்படாமல் அந்த நிமிடமே 1930க்கும் உங்கள் வங்கிக்கும் போன் செய்யுங்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கணக்கு நம்முடையது. ஆப் நமக்கு வாடகைக்குக் கிடைத்த அலமாரி. அலமாரிக்காரர் பூட்டை மாற்றலாம், வாடகையை ஏற்றலாம், கடையையே மூடலாம். உள்ளே இருப்பதன் நகல் ஒன்று நம் கையில் இருக்க வேண்டும்.

சிதம்பரம் கோயில் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தேவார ஏடுகள் அங்கே ஒரு அறையில் பூட்டிக் கிடந்தன. ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் போய்க் கேட்டபோது, பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்களாம். மூன்று பேரிடமும் ஓ.டி.பி. கேட்ட மாதிரி. மன்னர் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து கதவைத் திறக்க வைத்தார். உள்ளே பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்தது. மிஞ்சியதைத்தான் இன்றைக்கும் பாடுகிறோம். பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தும், ஒரே இடத்தில் இருந்ததால் வந்த நஷ்டம் அது.

அதனால் காகிதம் மட்டும் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். கடலூர்க்காரர்களுக்கு அது தெரியும். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு நாள் கணக்கில் கரண்ட் இல்லை, போன் செத்துக் கிடந்தது, பாஸ்புக்தான் பேசியது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த காகிதமெல்லாம் கூழாகிப் போனது. ஆகவே இரண்டும் வேண்டும், இரண்டு இடத்தில் வேண்டும்.

இந்த வாரமே செய்யக்கூடிய வேலைகளைச் சொல்கிறேன்.

ஒன்று. ஆப்பை அப்டேட் செய்வதற்கு முன், அதில் உள்ள கணக்கை எக்செல் அல்லது பி.டி.எஃப். கோப்பாக இறக்கி உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். இறக்கவே முடியாத ஆப்பாக இருந்தால் அதில் முக்கியமான எதையும் எழுதாதீர்கள்.

இரண்டு. அப்டேட் ஆனதும் மூன்றைப் பாருங்கள். பழைய இருப்பும் புதிய இருப்பும் ஒன்றா? நினைவூட்டல்களும் தானியங்கிக் கட்டணங்களும் வந்திருக்கின்றனவா? போன வருடப் பதிவு திறக்கிறதா?

மூன்று. கட்ட வேண்டிய நாள், பிரிமியமோ தவணையோ சொத்து வரியோ, சுவர்க் காலண்டரில் எழுதுங்கள். தினசரி காலண்டருக்கு அப்டேட் வராது.

நான்கு. ஒரு நோட்டில் ஒரு பக்கம். எந்த வங்கி, எந்தக் கிளை, எந்த டெபாசிட், எந்தப் பாலிசி, நாமினி யார். ரகசிய எண்களை எழுத வேண்டாம். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாஸ்புக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பதிவு போட்டு வாங்குங்கள். நோட்டும் பாஸ்புக்கும் பீரோவின் மேல்தட்டில் இருக்கட்டும்.

ஐந்து. தவறு நடந்தால் போனில் கத்தாமல் எழுத்தில் கேளுங்கள். புகார் எண் வாங்குங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். விவரம் கேட்க 14448.

இனி சங்கத்தின் பக்கம். ஆப்பை நிறுத்தப் போவதில்லை, இளையவர்களுக்கு அது வசதி. ஆனால் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் முழுக் கணக்கையும் இறக்கி, ஒரு பிரதி என்னிடமும் ஒரு பிரதி செயலாளரிடமும் இருக்கும். காலாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் அச்சிட்ட கணக்குச் சீட்டு வரும். அதைப் பார்த்துக் கையெழுத்திட்டுத் திருப்பித் தாருங்கள். பாக்கி என்று யார் பெயரையும், அவரிடம் நேரில் கேட்காமல், ஆப்பில் எல்லோரும் பார்க்கும்படி விட மாட்டோம். இதை இன்றைய தீர்மானமாகவே பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன்.

போன் விஷயத்தில் உதவி தேவைப்படும் பெரியவர்களுக்காக, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு சங்க அலுவலகத்தில் இருப்பேன். கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போனோடு வாருங்கள், கூடவே ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள்.

அன்று என் கதவைத் தட்டிய பெரியவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, உங்கள் கணக்கில் பாக்கி எதுவும் இல்லை. எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

டீ சாப்பிடலாம்.