கடாரத்துக்கு ஒரு விசா

(தலைப்பு: வெளிநாட்டு வேலை நம் பிள்ளைகளை உயர்த்துகிறதா, உருக்குகிறதா? "உருக்குகிறது" என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய சகோதரியார் ஒரு பட்டியல் போட்டார்கள். மாடி வீடு வந்தது, தங்கச்சி கல்யாணம் நடந்தது, தம்பி இன்ஜினியரிங் படிச்சான். ஒப்புக்கொள்கிறேன். கூடவே ஔவையாரையும் துணைக்கு அழைத்தார்கள். கடல் தாண்டியாவது பொருள் தேடச் சொன்னாளே பாட்டி என்றார்கள். சொன்னாள். ஆனால் நடுவர் அவர்களே, பாட்டியிடம் எந்த ஏஜெண்டும் முன்பணம் கேட்கவில்லை! (சிரிப்பு)

நம்ம பக்கத்தைப் பாருங்க. பெரம்பலூருக்கு இன்னைக்கும் ரயில் கிடையாது. ஆனா விமானம் ஏறிய பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. மழை பொய்த்தால் மக்காச்சோளம் போச்சு. விலை பொய்த்தால் சின்ன வெங்காயம் போச்சு. அரியலூரிலே பூமிக்குக் கீழே சுண்ணாம்புக்கல், மேலே சிமெண்ட் ஆலை. அந்த ஊர்ப் பிள்ளை வளைகுடாவிலே போய்க் கலவைச் சட்டி தூக்குகிறான்!

அதே அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அங்கிருந்து ஆண்ட ராசேந்திர சோழன் 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றான். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. அவன் எந்த விசாவுக்கு வரிசையில் நின்றான்? (கைதட்டல்) இன்று அவன் ஊர்ப் பிள்ளை அதே கடாரத்துக்குப் போக, அம்மா தாலிக்கொடியை அடகு வைக்கிறான்.

2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இந்தியர்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் வரலாம் என்று மலேசியா அறிவித்தது. யாருக்கு? சுற்றிப் பார்க்க வருகிறவனுக்கு. நம்ம ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் அதை எப்படிச் சொல்வார்? "தம்பி, விசாவே வேணாம், நீ போ, அங்கே மாத்திக்கலாம்!" இந்த "மாத்திக்கலாம்" இருக்கிறதே, நடுவர் அவர்களே, தமிழில் இதைவிட விலை உயர்ந்த சொல்லை நான் படித்ததில்லை. முப்பத்தோராவது நாள் அவன் தொழிலாளி அல்ல, சட்டத்தை மீறியவன். சம்பளம் தரவில்லை என்று போலீசுக்குப் போனால் முதலில் பிடிபடுகிறவன் அவன்தான்.

பாஸ்போர்ட்டிலே ஈ.சி.ஆர். என்று ஒன்று உண்டு. சென்னைக்காரர்களுக்கு அது மகாபலிபுரம் போகிற ரோடு. (சிரிப்பு) நமக்கு அது "குடியகல்வுச் சோதனை தேவை" என்ற குறிப்பு. பெரும்பாலும் பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு அது விழும். 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டப்படி, சவுதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போனால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். வேலை ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள், சம்பளத்தைப் பார்ப்பார்கள், பத்து லட்ச ரூபாய்க் காப்பீடு எடுக்கச் சொல்வார்கள். படிக்காத பிள்ளைக்குச் சட்டம் போட்ட வேலி அது. சுற்றுலா விசாவில் போனால் அந்த வேலி கிடையாது. ஏஜெண்டுக்கு வேண்டியதும் அதுதான்!

படித்தவன் ஏமாற மாட்டான் என்கிறார் எதிரணி நண்பர். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போனவர்களை எல்லை கடத்தி, மியான்மரில் இணைய மோசடி செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். மண்வெட்டி பிடிக்கப் போனவர்கள் இல்லை ஐயா, கணினி தெரிந்த பிள்ளைகள்.

கணக்குப் பார்ப்போம். ஏஜெண்டுக்கு ஒன்றரை லட்சம் கட்டக் கடன். ரெண்டு வட்டி. மாதம் மூவாயிரம், முதல் தொடாமல். அவன் அங்கே முதல் சம்பளம் வாங்குவதற்குள் இங்கே வட்டி மூன்று மாதம் நடந்திருக்கும். வட்டிக்கு மட்டும் விசா வேண்டாம், அது எங்கேயும் போகும்! (கைதட்டல்) இத்தனைக்கும், பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு அரசு வைத்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் வரியும்தான். மீதி எங்கே போகிறது? ஊருக்கு ஒரு துணை ஏஜெண்ட், அவருக்கு மேலே ஒருத்தர், அவருக்கும் மேலே ஒருத்தர்.

சகோதரியார் மாடி வீட்டைக் காட்டினார்கள். அதற்கு அடுத்த மனையில், ஜன்னல் மட்டம் வரை எழும்பிப் பூசாமல் நிற்கிற செங்கல் சுவரையும் பார்க்கச் சொல்லுங்கள். அது பாதியில் திரும்பி வந்தவன் வீடு. அவன் பெயரைத் தெருவில் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை, அதனால்தான் அது உங்கள் பட்டியலில் இல்லை.

நடுவர் மணி அடித்துவிட்டார். அரை நிமிடம் ஐயா, தாய்மார்களுக்காக. நகையைக் கழற்றுவதற்கு முன்னால், அந்த ஆளிடம் அரசு கொடுத்த உரிம எண்ணைக் கேளுங்கள். விசாவில் வேலை என்று இருக்கிறதா, சுற்றுலா என்று இருக்கிறதா என்று பள்ளிக்கூடம் போகிற பேத்தியை விட்டாவது படிக்கச் சொல்லுங்கள். அரசாங்கத்திலேயே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978லிருந்து சென்னையில் இருக்கிறது. அங்கே ஒரு கடுதாசி போட்டுப் பாருங்கள். "அதெல்லாம் எதுக்கும்மா, நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொன்னால், சொம்பில் தண்ணீர் கொடுத்து வாசல் வரைக்கும் மரியாதையாக வழியனுப்பி வையுங்கள். (பலத்த கைதட்டல்)