பேய்க்கதையைப் படித்துவிட்டுப் பேசுவோம்



இளையர் படிக்கும் அமானுஷ்ய நாவல்களை எப்படி வாசிப்பது, எப்படி மதிப்பிடுவது என்பது இன்றைய தலைப்பு. இரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், ஆவி, ஜின் என்ற பெயர்களைக் கேட்டதுமே பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். பிள்ளைகளுக்கோ அதே பெயர்களைக் கேட்டால் ஆவல் பிறக்கிறது. ஒரு பக்கம் "இந்தக் குப்பையைத் தூக்கிப் போடு" என்ற அதட்டல். இன்னொரு பக்கம் "இதைப் போல ஒரு நூல் உண்டா!" என்ற மயக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு வேலை மிச்சமிருக்கிறது. நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து, அதில் என்ன இருக்கிறது என்று நேர்மையாகச் சொல்லும் வேலை. அதற்குத்தான் மதிப்புரை என்று பெயர்.

குணத்தையும் பார், குற்றத்தையும் பார், இரண்டில் எது மிகுதி என்று கண்டு முடிவுக்கு வா என்றார் வள்ளுவர். மனிதரைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன அந்த வழி, நூலைத் தேர்ந்தெடுக்கவும் பொருந்தும்.

காட்டேரி வந்த வழி

இரத்தக் காட்டேரி இலக்கியத்துக்குப் புதிய விருந்தாளி அல்ல. ஆங்கிலத்தில் ஜான் பாலிடோரியின் கதை 1819-இல் வந்தது. அயர்லாந்துக்காரரான லெ ஃபானு 1872-இல் 'கார்மில்லா'வை எழுதினார். இன்னோர் அயர்லாந்துக்காரர் பிராம் ஸ்டோக்கர் 1897-இல் 'டிராகுலா'வைத் தந்தார். அந்தக் கதைகளில் காட்டேரி அஞ்ச வேண்டிய ஒன்று. அதே காட்டேரி பள்ளிக்கூட வகுப்பறையில், பதினேழு வயதுப் பெண்ணின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்ததுதான் இந்த நூற்றாண்டின் மாற்றம்.

ஸ்டெஃபனி மேயர் என்ற அமெரிக்கப் பெண்மணி 2003 ஜூன் மாதம் கண்ட ஒரு கனவை வைத்து எழுதத் தொடங்கினார். 'டுவைலைட்' 2005-இல் வெளிவந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் மேலும் மூன்று பாகங்கள் வந்தன. 2008 ஆகஸ்டில் வந்த 'பிரேக்கிங் டான்' அமெரிக்காவில் முதல் நாளிலேயே 13 இலட்சம் பிரதிகள் விற்றது. நான்கு பாகங்களும் சேர்ந்து உலகெங்கும் பத்துக் கோடிப் பிரதிகளைத் தாண்டின. அதன் பின்னால் ஒரு பெரும் வரிசையே வந்தது. மெலிஸா மாரின் 'விக்கட் லவ்லி' 2007-இலும், கசாண்ட்ரா கிளேரின் 'சிட்டி ஆஃப் போன்ஸ்' அதே ஆண்டிலும், மேகி ஸ்டீஃப்வாட்டரின் 'ஷிவர்' 2009-இலும் வந்தன.

இத்தனை இளையர் கைகளில் தவழ்ந்த நூல்களைப் பெரியவர்கள் படிக்காமலே தீர்ப்பளிப்பது நியாயமாகாது. படித்தால் என்ன கேட்க வேண்டும்? நான்கு கேள்விகள் போதும்.

மாய உலகத்துக்கும் சட்டம் உண்டு

முதல் கேள்வி: நூல் தன் சட்டத்தைத் தானே காப்பாற்றுகிறதா? பேய்க்கதையில் எதுவும் நடக்கலாம் என்று எண்ணுவது தவறு. எதுவும் நடக்கலாம் என்றால் எதற்கும் பயமில்லை. பயமில்லாத இடத்தில் கதையும் இல்லை.

'ஷிவர்' நூலைப் பாருங்கள். மின்னசோட்டா மாநிலத்தின் கடுங்குளிரில் நடக்கும் கதை. அங்கே ஓநாய் மனிதர்களை மாற்றுவது முழுநிலா அல்ல, குளிர். வெப்பம் குறைந்தால் ஓநாய், கோடை வந்தால் மனிதர். ஆண்டுக்கு ஆண்டு மனிதராக இருக்கும் நாள்கள் குறைந்துகொண்டே வரும். ஒரு நாள் திரும்பவே முடியாமல் போகும். இந்த ஒரு சட்டத்தை ஆசிரியர் வகுத்துவிட்டதால், திறந்து கிடக்கும் கதவும் இலையுதிர்காலத்தின் முதல் குளிர்காற்றும் கூட வாசகரைப் பதற வைக்கின்றன. சட்டத்தைக் காத்ததால் வந்த பலன் அது.

'டுவைலைட்' கூட இதில் தேறிவிடுகிறது. அதில் வரும் காட்டேரிகளின் தோல் வெயிலில் மினுங்கும்; மக்கள் கண்டுகொள்வார்கள். ஆகவே வாஷிங்டன் மாநிலத்தில், மேகமும் மழையும் நீங்காத ஃபோர்க்ஸ் என்ற சிற்றூரில் அவர்கள் குடியிருக்கிறார்கள். மினுங்கும் காட்டேரியைக் கேலி செய்தவர்கள் பலர். ஆனால் இடத்துக்கும் கதைக்கும் பொருத்தம் இருப்பதை மதிப்புரை எழுதுபவர் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பூதம் எதற்காக வருகிறது?

இரண்டாவது கேள்வி: இந்த மாயப் பிறவி கதையில் எதற்காக வருகிறது? நல்ல நூலில் பூதம் சும்மா வருவதில்லை. வாயால் சொல்ல முடியாத ஒரு துன்பத்தைச் சுமந்து வருகிறது.

'ஷிவர்' நாயகன் சாம் கவிதை படிப்பவன், புத்தகக் கடையில் வேலை செய்பவன். ஓநாயாகிவிட்டால் அவனுக்குச் சொற்கள் இல்லை. வளரும் பருவத்தில், "நான் யார் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விடுமோ" என்று உள்ளுக்குள் நடுங்குகிற பிள்ளைக்கு இந்தக் கதை ஏன் பிடிக்கிறது என்பது இப்போது விளங்கும். பதினைந்து வயதில் உடல் சொல்லாமல் கொள்ளாமல் மாறுகிறது. கோபம் எங்கிருந்தோ வருகிறது. அந்தப் பிள்ளைக்கு ஓநாய் மனிதனின் கதை வெறும் கட்டுக்கதையாகத் தோன்றுவதில்லை. இதைத் தெரிந்துகொள்ளும் தாய் தந்தையர், நூலைப் பறிப்பதற்கு முன்னால் பிள்ளையின் முகத்தை ஒரு முறை பார்ப்பார்கள்.

முடிவு எடுப்பது யார்?

மூன்றாவது கேள்விதான் மிக முக்கியமானது. கதையில் வரும் பெண் தன் வாழ்க்கையின் முடிவைத் தானே எடுக்கிறாளா?

'டுவைலைட்' நாயகன் எட்வர்டுக்குத் தோற்றத்தில் பதினேழு வயது. உண்மையில் நூறு வயதைக் கடந்தவன். பெல்லாவுக்குத் தெரியாமல் இரவில் அவள் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்றாம் பாகத்தில், அவள் தன் நண்பனைப் பார்க்கப் போகக்கூடாது என்பதற்காக அவளுடைய வண்டியையே ஓடாதபடி செய்துவிடுகிறான். இரண்டாம் பாகத்தில் அவன் பிரிந்து போனதும் அவள் மாதக்கணக்கில் நடைப்பிணமாகிறாள். நூலில் இவை பெரிய காதலின் அடையாளங்களாகவே வருகின்றன.

இங்கேதான் மதிப்புரைக்கு வேலை. ஒருவன் அனுமதியின்றி அறைக்குள் வருவதும், போக்குவரத்தைத் தடுப்பதும், நண்பர்களிடமிருந்து பிரிப்பதும் நிஜ வாழ்க்கையில் எச்சரிக்கை மணிகள். அதைக் காதல் என்று நம்பி ஒரு பெண்பிள்ளை வளர்ந்தால் நாளை அழப்போவது அவள். இதை நூலைப் பிடுங்கிக்கொண்டு சொன்னால் அவள் காதில் ஏறாது. நூலை அவள் கையிலேயே விட்டுவிட்டு, "இந்த இடத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டால் ஏறும்.

'விக்கட் லவ்லி' இதற்கு நல்ல ஒப்பீடு. ஆஷ்லின் என்ற பெண்ணுக்கு மற்றவர் கண்ணுக்குத் தெரியாத மாய இனத்தார் தெரிகிறார்கள். அந்த இனத்தின் கோடைக்கால அரசன் அவளைத் தன் அரசியாக்கத் துடிக்கிறான். அழகன், வல்லமை உடையவன். அவளோ அவன் அழகில் மயங்கி மறுகேள்வி இல்லாமல் தலையாட்டுவதில்லை. படிப்பு வேண்டும், தன் வாழ்க்கை வேண்டும், தன் மனத்துக்குப் பிடித்த தோழன் வேண்டும் என்று நிபந்தனை விதித்துப் பேரம் பேசுகிறாள். இரண்டு நூல்களிலும் மாயம் உண்டு, காதலும் உண்டு. பெண்ணின் நிலைதான் வேறு. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் பெண்ணுக்கு அந்த வேறுபாடு தானே தெரிந்துவிடும்.

குறைகூறல் வீண் போவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. பெல்லா எப்போதும் யாராவது வந்து காப்பாற்றக் காத்திருக்கும் பெண் என்று பலர் எழுதினார்கள். 'டுவைலைட்' வெளிவந்த பத்தாம் ஆண்டில், 2015-இல், மேயர் அதே கதையில் ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றி, 'லைஃப் அண்ட் டெத்' என்ற நூலை வெளியிட்டார். காட்டேரிகளுக்கு நடுவே சிக்கினால் ஆணும் அதே பாடுதான் படுவான் என்பது அவர் தந்த பதில். அந்தப் பதிலை ஏற்கலாம், மறுக்கலாம். வாசகரின் கேள்வி ஓர் எழுத்தாளரை மறுபடியும் மேசைக்கு முன்னால் உட்கார வைத்தது என்பது மறுக்க முடியாத உண்மை.

கதை யாருடைய சொத்து?

நான்காவது கேள்வி: இந்த மாயம் யாருடைய மரபிலிருந்து எடுக்கப்பட்டது? 'டுவைலைட்' கதையில் ஓநாய்களாக மாறும் இளைஞர்கள் குவிலியூட் இனத்தவர். இது கற்பனை இனம் அல்ல. ஃபோர்க்ஸ் ஊருக்கு அருகில், கடலோரத்தில் லா புஷ் என்ற இடத்தில் இன்றும் வாழும் அமெரிக்கப் பூர்வகுடி மக்கள். ஓநாய்களிலிருந்து தங்கள் முன்னோர் மனிதர்களாக மாற்றப்பட்டனர் என்பது அவர்களின் தொன்மக் கதை. காட்டேரிகளோடு போர் செய்யும் ஓநாய் மனிதர்கள் அந்தத் தொன்மத்தில் இல்லை. அது நாவலாசிரியரின் சேர்க்கை. சியாட்டில் நகரின் பர்க் அருங்காட்சியகம் அந்த இனத்தாரோடு சேர்ந்து, எது உண்மை, எது 'டுவைலைட்' என்று விளக்கும் விவரங்களை வெளியிட்டது.

நாவலைப் படித்த இரசிகர்கள் லா புஷ் கடற்கரைக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஆழிப்பேரலை ஆபத்து உள்ள தாழ்நிலத்தில் அந்த மக்களின் பள்ளிக்கூடம் இருந்தது. அவர்கள் மேட்டு நிலத்துக்குக் குடிபெயர வழி செய்யும் சட்டம் 2012-இல்தான் நிறைவேறியது. கதையில் வரும் ஓநாயை விரும்பிய வாசகருக்கு, அந்தக் கதைக்குப் பின்னால் இருக்கும் உண்மை மக்களையும் அறிமுகப்படுத்துவது மதிப்புரையின் கடமைகளில் ஒன்று.

எழுதுபவரின் நேர்மை

நூல் வெளிவரச் சில மாதங்களுக்கு முன்பே பதிப்பகங்கள் முன்பிரதிகளை இலவசமாக அனுப்புவது மேலைநாட்டு வழக்கம். அவை இறுதித் திருத்தம் செய்யப்படாதவை என்ற குறிப்பு அட்டையிலேயே இருக்கும். அவற்றிலிருந்து வரிகளை எடுத்துக்காட்டுபவர், வெளிவந்த நூலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இலவசப் பிரதி பெற்றவர் பாராட்டித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம் 2009-இல் திருத்திய விதிகள், இணையத்தில் எழுதுவோருக்கும் இதைப் பொருத்தின. இலவசமாகப் பெற்ற பொருளைப் பாராட்டி எழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அந்த விதி. விதி இல்லாத ஊரிலும் மனச்சாட்சி உண்டு.

இன்னும் இரண்டு மரியாதைகள் உள்ளன. முடிவை உடைக்காமல் எழுதுவது ஒன்று. எந்த வயதுக்கு ஏற்றது, வன்முறை எவ்வளவு, நெருக்கமான காட்சிகள் எவ்வளவு என்று தெளிவாகச் சொல்வது மற்றொன்று. அமெரிக்க நூலகர்களுக்கான மதிப்புரை ஏடுகள் எத்தனையாம் வகுப்புக்கு மேற்பட்டோர் படிக்கலாம் என்பதையே ஒரு வரியில் குறித்துவிடும். "நல்ல நூல்", "கெட்ட நூல்" என்ற முத்திரையைவிடப் பெற்றோருக்கு அந்த ஒரு வரி அதிகம் உதவும்.

பறிப்பதா, பக்கத்தில் உட்காருவதா?

'டுவைலைட்' வரிசை 2009-இலும் 2010-இலும், நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி அதிகம் எதிர்ப்பு வந்த பத்து நூல்களின் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியலை வெளியிட்டது அமெரிக்க நூலகச் சங்கம். எதிர்த்தவர்களின் அக்கறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பூட்டிய அலமாரி எந்தப் பிள்ளைக்கும் பகுத்தறியக் கற்றுத் தந்ததில்லை. தடுத்த நூலைப் போர்வைக்குள் படிக்கும் பிள்ளை, அதில் புரியாததை யாரிடமும் கேட்க மாட்டாள்.

இந்த வகை எழுத்து இந்த மண்ணிலும் முளைத்திருக்கிறது. மலேசிய எழுத்தாளர் ஹன்னா அல்காஃப் 2019-இல் வெளியிட்ட 'தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை' நாவலின் களம் 1969 மே 13 கலவரத்தின் கோலாலம்பூர். நாயகி மெலாத்தி என்ற பள்ளி மாணவி. தன்னுள் ஒரு ஜின் இருக்கிறது, எண்ணிக்கொண்டே இராவிட்டால் தன் தாய் இறந்துவிடுவாள் என்று நம்புகிறாள். அது ஜின்னா, மனநோயா? நகரம் எரியும்போது அவள் தாயைத் தேடிப் போகிறாள். நூலின் உள்ளே என்னென்ன வேதனைகள் உண்டு என்று ஆசிரியரே முன்கூட்டி எச்சரித்துவிடுகிறார். முன்னே சொன்ன நான்கு கேள்விகளையும் இந்த நூலிடம் கேட்டுப் பாருங்கள். மனம் நொந்த ஒரு பிள்ளை வாயால் சொல்லத் தயங்குவதை இந்தப் பேய்க்கதை அவளுக்காகச் சொல்லிவிடுகிறது.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகளோ மகனோ கறுப்பு அட்டை போட்ட ஒரு நூலைக் கொண்டுவந்தால், முதலில் ஐம்பது பக்கமாவது படியுங்கள். இளையர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படித்து முடித்ததும் ஒரு பக்கம் எழுதுங்கள். பிடித்தது என்றால் ஏன் பிடித்தது, உறுத்தியது என்றால் எந்த இடம் உறுத்தியது என்று எழுதுங்கள். அந்த ஒரு பக்கத்தை வீட்டில் பெரியவர் ஒருவர் படிக்கட்டும். அந்த உரையாடல் தொடங்கிவிட்டால், பயப்பட வேண்டிய பேய் எது, பயப்பட வேண்டாத பேய் எது என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.