பெயர் சொல்லாத கை



உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் போகிற சாலையில் இருக்கிறது எலவனாசூர்கோட்டை. 2019 நவம்பர் 26ஆம் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியதும், இந்தச் சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் முகவரி மாறியது. விக்கிப்பீடியாவில் ஊர்களுக்கென்று பக்கங்கள் உண்டு. அங்கே 'விழுப்புரம் மாவட்டம்' என்று இருந்ததை யார் மாற்றுவது? அதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் யாரும் கிடையாது. ஊர்க்காரர் ஒருவர் கைப்பேசியில் பார்க்கிறார், 'தொகு' என்பதை அழுத்துகிறார், ஒரு சொல்லை மாற்றிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். கணக்கு தொடங்க அவருக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. இப்படிப்பட்டவரை எழுத விடலாமா, கூடாதா என்பதுதான் இன்றைய பேச்சு.

விடவேண்டும் என்பது என் கட்சி. தமிழ் விக்கிப்பீடியாவே 2003 செப்டம்பர் 30 அன்று பெயர் தெரியாத ஒருவர் இட்ட முதல் பக்கத்தோடுதான் தொடங்கியது. சில வாரங்களில் இலங்கைத் தமிழரான இ. மயூரநாதன் வந்து சேர்ந்தார். அபுதாபியில் இருந்துகொண்டு தளத்தின் சொற்களைத் தமிழாக்கி, பல ஆண்டுகள் கட்டுரைகளை எழுதிக் குவித்தார். அவருக்குக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் இயல் விருது கொடுத்தது, தகும். கதவைத் திறந்துவிட்டுப் போன அந்த முதல் ஆளுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

எழுதியவர் இன்னார் என்று தெரிய வேண்டும் என்கிற எதிர்க்கட்சியின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. எலவனாசூர்கோட்டை அர்த்தநாரீசுவரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பொதுவாகவே நம் கல்வெட்டுகளில் தானம் சொல்லி, எல்லை சொல்லி, முடிவில் இன்னாருடைய எழுத்து என்று கையெழுத்தும் பொறித்திருப்பார்கள். நாளைக்கு வழக்கு வந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? 2005 மே மாதம் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரின் விக்கிப்பீடியா பக்கத்தில், கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குத் தொடர்பு உண்டு என்று எவரோ பொய் எழுதினார். நான்கு மாதங்களுக்கு மேல் அது அப்படியே கிடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆங்கில விக்கிப்பீடியா, கணக்கு இல்லாதவர்கள் புதிய கட்டுரை தொடங்குவதை நிறுத்தியது. போர்த்துக்கீசிய விக்கிப்பீடியா 2020 அக்டோபரில் அவர்களுக்குக் கதவையே சாத்தியது.

ஆனால் பெயர் தெரிந்துவிட்டால் பொய் நின்றுவிடுமா? நம் மாவட்டத்துக்கே தெரியும் பதில். 2022 ஜூலை 17 அன்று கனியாமூரில் ஒரு தனியார் பள்ளியில் நடந்த கலவரத்தில் பேருந்துகள் எரிந்தன. வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக ஆள் திரட்டினார்கள் என்றது காவல்துறை. அந்தக் குழுக்களில் இருப்பவர் யார் என்பதைக் கைப்பேசி எண் காட்டிக்கொடுத்துவிடும். யார் அனுப்பினார் என்பது தெரிந்தும் தீ பற்றியது. அங்கே இல்லாமல் போனது, "இதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்கிற ஏற்பாடு. விக்கிப்பீடியாவில் அது உண்டு. எந்தப் பக்கத்திலும் 'வரலாறு' என்பதைத் தொட்டால், எந்த வரி எப்போது நுழைந்தது, எப்போது நீக்கப்பட்டது என்பது வரிசையாக வரும். கணக்கில்லாமல் எழுதியவரின் ஐபி முகவரியை, அதாவது அவருடைய இணைய இணைப்பின் எண்ணைக்கூட, நெடுங்காலம் எல்லாரும் பார்க்க முடிந்தது. புனைபெயரில் கணக்கு வைத்திருப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அண்மையில்தான் ஐபி முகவரியை மறைத்துத் தற்காலிகக் கணக்கு கொடுக்கிற முறை வந்திருக்கிறது. நல்ல காரியம்.

ஏன் நல்லது என்கிறேன்? 2023 ஜனவரி 2, வைகுண்ட ஏகாதசி நாள். கள்ளக்குறிச்சி மாவட்டம் எடுத்தவாய்நத்தத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் தலித் மக்கள் காவல்துறைப் பாதுகாப்போடு முதன்முறையாக நுழைந்தார்கள். நாளிதழ்களில் வந்த செய்தி இது. இதை ஊர்ப் பக்கத்தில் சேர்க்க அங்கேயே வாழ்கிற ஒருவர் நினைத்தால், சொந்தப் பெயரைப் போடச் சொல்வது நியாயமா? நாளைக்கு அவர் அதே தெருவில் நடக்க வேண்டும், அதே கடையில் சாமான் வாங்க வேண்டும். பெயர் கட்டாயம் என்றால் அவர் எழுத மாட்டார். ஊரைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் மட்டும் எழுதுவார்கள். ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தன்னைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரைக்காக 2024இல் தொடுத்த வழக்கில், அந்தக் கட்டுரையைத் திருத்தியவர்களின் அடையாளத்தைக் கேட்டது தில்லி உயர் நீதிமன்றம். நாடே பார்த்த வழக்கில் அப்படியென்றால், கிராமத்தில் எழுதுகிறவருக்கு வரக்கூடிய நெருக்கடியைச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே ஒரு வேறுபாடு வேண்டும் என்கிறேன். உயிரோடு இருக்கும் மனிதரைப் பற்றிய பக்கத்தில், கணக்கில்லாதவர் எழுதியதை அனுபவமுள்ள ஒருவர் படித்துப் பார்த்த பிறகே வெளியிடட்டும். மானம் போனால் திரும்பி வராது. ஊர், ஏரி, கோயில், பள்ளி பற்றிய பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். தவறு நுழைந்தால் பழைய பதிப்புக்குத் திருப்புவது ஒரு நிமிட வேலை. அதைக் கவனிக்க ஊருக்கு இரண்டு பேராவது வேண்டும். கல்வராயன் மலைக் கிராமங்களின் பக்கங்களுக்கு அப்படி ஆள் இல்லாததே பெரிய குறை. கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களே, நூலகர்களே, இன்று மாலை உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மாவட்டத்தின் பெயராவது சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.