சங்கேதியர் காத்த பேச்சு

மைசூர் மாவட்டத்துப் பெட்டதபுரம், ஹாசன் மாவட்டத்துக் கௌசிகம் முதலிய ஊர்களின் பெயரால் பிரிவுகளாக வழங்கப்பெறும் சங்கேதியர், பன்னூறு ஆண்டுகளுக்கு முன் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்தவர் என்பது அவர்தம் மரபுச் செய்தி. அவர்களது வீட்டுப் பேச்சில் தமிழும் கன்னடமும் கலந்துள்ளன. மலையாளச் சாயலும் உண்டு. எழுத நேர்ந்தால் கன்னட எழுத்தே. பள்ளியும் ஏடும் துணைநில்லாத அப்பேச்சை இத்தனை தலைமுறை காத்தது அடுக்களையே. இன்றோ இளையோர் பலர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் உரையாட, அது அருகி வருகிறது.

1969இல் மைசூரில் நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், 10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகளைப் பதிவு செய்யும் பணியை 2013இல் தொடங்கிற்று. பதிவு, மொழியின் உருவைக் காக்கும். அதனைப் பேசவேண்டியவர் வீட்டாரே. பிற மாநிலங்களில் வாழும் நாம் அவ்வூர் மொழியை நன்கு கற்போம். குழந்தைகளோடு தமிழிலேயே பேசுவோம்.