கட்டைவிரல் சொல்லும் எச்சரிப்பு

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



ஓசூர் சிப்காட் பகுதியில் சிறு பாகங்களைப் பொருத்தும் வேலை செய்கிற வாலிபப் பெண் ஒருத்தியை எங்கள் புறநோயாளர் பிரிவில் சந்தித்தேன். வலது கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்து உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா?" என்றேன். "டம்ளரைத் தூக்க முடியலைங்க ஐயா. சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்" என்றாள்.

பகலெல்லாம் வேலை செய்த அதே கட்டைவிரலால் இரவில் செல்போனில் செய்தி அடிக்கிறாள். விடுதி அறையில் அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் உறங்குவதால் பேச வழியில்லை. ஊரிலுள்ள தம்பிக்கு எழுதுவாள். அவன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவான்.

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு தசைநாண்கள் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் உறை தடித்து, நாண்கள் இறுகி வலிக்கும். 1895-ல் சுவிஸ் நாட்டு அறுவை மருத்துவர் டி குவெர்வெய்ன் இதை விவரித்தார். துணி பிழிகிற, பிள்ளையைத் தூக்குகிற கைகளுக்கு அன்றே வந்த நோய்தான் இது.

விரலோடு நிற்பதில்லை. நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. 60 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் ஏறும் பாரம் சுமார் 27 கிலோ என்று நியூயார்க் மருத்துவர் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கணக்கிட்டார். தோளும் முதுகும் அதைச் சுமக்கின்றன.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூருக்கு வந்து, பின்னர் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்ப்படுத்தினார். வலி தெரியாததாலேயே அவர்கள் விரல்களைக் காயப்படுத்தி இழக்கிறார்கள் என்று கண்டார். ஆகவே வலியை ஓர் ஈவு என்றார். அந்த ஈவைத்தான் இந்தப் பெண் துப்பட்டாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

மருத்துவர் விரலை அசையாமல் தாங்கும் பட்டை கொடுத்து, ஓய்வு தேவையென்று கடிதம் எழுதினார். சில வாரங்களுக்கு அவளுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். அவள் பயந்தபடி நடக்கவில்லை. தாமதித்திருந்தால் ஊசியோ, சிலருக்கு ஆவதுபோல் சிறு அறுவைச் சிகிச்சையோ வேண்டியிருக்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: செல்போனைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள், இரு கைகளையும் பயன்படுத்துங்கள், இடையிடையே விரலுக்கு ஓய்வு கொடுங்கள். வெளியூரில் வேலை செய்கிற மகளிடம், "சாப்பிட்டாயா?" என்று கேட்கும்போது, "கை வலிக்கிறதா?" என்றும் கேளுங்கள். கேட்கிற ஒருவர் இருந்தால் அவள் மறைக்கமாட்டாள்.